வெண்டலின் வெண்கால்சட்டை

வாழி, வெண்டல் ஓப்பகார்ட்! அடிவானம் வரை சோளமே விளைந்து, சோளத்தைப் பன்றி தின்று, பன்றியை மனிதர் தின்று, மனிதர் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் தூங்கி விழும் அயோவா நன்னாட்டிலே, நார்டால் கல்லூரிக் கால்பந்துப் பெரும்படையின் இடக்கோடி பெஞ்சில் இடையறாது வீற்றிருந்த செம்மலே! பகைவர் கை படாத தோளோய்! புல்நுனி தீண்டாத முழந்தாளோய்! நான்காண்டுக் காலம் அணிந்தும் நேற்றுத்தான் தறியிலிருந்து இறங்கியதுபோல் ஒளிவீசும் வெண்கால்சட்டையோய்! நின் புகழ் பாடப் புகுந்தோம். நின் புகழை இதுவரை எவரும் பாடாததால் எமக்குப் போட்டியும் இல்லை.

பாடுமுன் துணைவேண்டி, உடற்பயிற்சிக் கூடத்து நிலவறையில் கொதிநீரும் வெண்ணுரையும் புடைசூழ எழுந்தருளியிருக்கும் சலவைத் தேவியை வணங்குகிறோம். தாயே, எம் சொல்லில் கறை படாமல் காப்பாயாக. எம் நாயகன்மேல் மட்டும் கொஞ்சம் பட விடுவாயாக.

காலால் பந்தைத் தொடுவது அரிதினும் அரிதாகையால் அவ்வூர் முன்னோர் அந்த ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயரிட்டனர். முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எதிரே மலைமலையாய் வருவோரை முட்டி, மோதி, மிதித்து, மிதிபட்டு, பகைவரின் கடைக்கோட்டைத் தாண்டிவிட்டால் ஆறு புள்ளி. அப்படித் தாண்டிய பிறகு ஒருவன் நிதானமாக வந்து, கோட்டுக்கு அப்பால் நிற்கும் இரண்டு வெள்ளைக் கம்பங்களுக்கு நடுவே பந்தை ஒரே ஒரு முறை உதைத்து அனுப்பினால் மேலும் ஒரு புள்ளி. அந்த ஒருவன்தான் வெண்டல். அவனுக்கு வேறு வேலை கிடையாது. ஆட்டத் தொடக்கத்தில் பந்தைத் தூர உதைப்பதற்குப் பருத்த ஆர்லோ இருந்தான். அவன் உதைத்தால் பந்துக்கே வலிக்கும் என்பார்கள்.

ஆனால் ஆறு வந்தால்தானே ஒன்று வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நார்டாலின் சட்டி கவிழ்ந்து கிடந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அப்படையின் திருப்பெயரே போர்க்காடைகள். ஓநாய், கரடி, கழுகு, காட்டெருமை என்று பல்லும் நகமும் உள்ள பெயர்களையெல்லாம் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் அள்ளிக்கொண்டு போய்விட, பந்திக்குப் பிந்திய நார்டாலுக்கு மிஞ்சியது காடை. முன்னால் ஒரு போரைச் சேர்த்துப் பார்த்தார்கள். காடை காடையாகவே இருந்தது.

ஆகவே வெண்டல் பெஞ்சில் இருந்தான். முதலாண்டில் இருந்தான், இரண்டாமாண்டில் இருந்தான், மூன்றாமாண்டில் பெஞ்சை மாற்றினார்கள், அதிலும் இருந்தான். இதோ நான்காமாண்டு, கடைசிப் பருவம். இது கழிந்தால் மாமாவின் கோழித்தீவனக் கடையில் கணக்குப் பார்க்கப் போக வேண்டியவன்.

இனி நிலவறையின் அரசியைக் கேளுங்கள். படையினர் ஆட்டத்தன்று உடுத்தும் உடுப்பு அனைத்தையும் துவைத்து, உலர்த்தி, மடித்துத் தருபவள் லவோன் பெக்கர். பாதிக் கதவுக்குப் பின்னால் நின்று, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி, ஒவ்வொருவன் கால்சட்டையையும் விளக்கொளியில் தூக்கிப் பார்த்து, கறையை வைத்தே அவன் எங்கே விழுந்தான், எப்படி விழுந்தான், விழுந்தபின் என்ன கெட்ட வார்த்தை சொன்னான் என்பது வரை கூறிவிடுவாள். பண்டை வீரர் மார்பில் பட்ட புண்ணைக் காட்டிப் பெருமை கொண்டதுபோலக் காடைப்படையினர் முழங்காலில் பட்ட கறையைக் காட்டிப் பெருமை கொண்டனர். புறமுதுகு காட்டிய கறைகளே அதிகம். ஆனாலும் கறை கறைதான்.

திங்கள்கிழமைதோறும் உடுப்பு வாங்க வரிசை நிற்கும். வெண்டலின் முறை வரும்போது நிலவறையே அமைதி கொள்ளும்.

"என்ன ராசா, இந்த வாரமும் மாப்பிள்ளை மாதிரியே வந்து நிக்கிற?"

"துவைச்சுட்டீங்களா லவோன்ம்மா?"

"எதைத் துவைக்க? நீ போட்டுக்கிட்டு உக்காந்திருந்த. உக்காந்ததுக்கெல்லாம் சோப்புப் போட்டா கட்டுப்படி ஆகாதுப்பா. ஆடின அழுக்குக்குத்தான் என் மெஷின் ஓடும். இந்தா, மடிச்சு வச்சிருக்கேன்."

"அதை வித்துடலாம் லவோன்ம்மா," என்பான் பின்னாலிருந்து ஆர்லோ. "கடையில புதுசுன்னே எடுத்துப்பான்."

சிரிப்பொலி எழுந்து, கொதிகலனில் மோதி, வெண்டலின் காதில் வந்து விழும். இப்படி எத்தனை திங்கள்! பொறுத்தது போதுமென்று ஒருநாள் அவன் சூழ்ச்சி ஒன்று வகுத்தான். ஆட்டம் முடிந்து அனைவரும் போனபின், ஹாட் டாக் வாங்கி, அதன் கடுகுக்குழம்பை வலத்தொடையில் பூசி, கல்லூரி டீன் வீட்டு வாசலில் இருந்த பூந்தொட்டியில் இரு கையாலும் மண்ணள்ளி முழங்காலில் அப்பி, புழுதி படிந்த போர்வேங்கையாக நிலவறைக்கு நடந்தான்.

லவோன் முகர்ந்து பார்த்தாள். ஒருமுறைதான்.

"இது கடுகு."

அவள் விரல் தொடையிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது.

"இது தொட்டி மண்ணு. சாமந்திக்குப் போடுற எரு வாசம் அடிக்குது. டீன் வீட்டுத் தொட்டிதானே? பாவி, அந்தம்மா அதுக்குப் பேர் வச்சு வளக்குது." கால்சட்டையை இரண்டு விரலால் பிடித்துத் திரும்ப நீட்டினாள். "இதை நீயே உன் கையால கசக்கிக்கோ."

விடுதிக் குளியலறைத் தொட்டியில் தன் கால்சட்டையைத் தானே கசக்கியபோது வெண்டலின் கண்ணில் நீர் வந்தது. சோப்பு என்று அறைத்தோழனிடம் சொன்னான். சோப்பு இல்லை. பெஞ்சில் இருப்பதுகூட அவனுக்கு உறுத்தவில்லை. தன் உழைப்பில் ஓர் அழுக்குக்கூடச் சேரவில்லையே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. மறுநாள் விடிந்ததும் நிலவறைப் பாதிக்கதவின்முன் நின்று, ஈரக் கால்சட்டையை இரு கைகளாலும் ஏந்தி, அவன் உரைத்த வஞ்சினம் இது:

"லவோன்ம்மா, இந்தப் பருவம் முடியறதுக்குள்ள நிஜமான ஆட்ட அழுக்கோட வருவேன். உங்க கையால நீங்களே துவைப்பீங்க. பாத்துக்கிட்டே இருங்க!"

"வா வா," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "இப்ப அந்த ஈரத்தைத் தரையில சொட்ட விடாம எடுத்துட்டுப் போ."

வானோர் கேட்டிருப்பர். வானோருக்குக் கால்பந்து தெரியாது போலும்.

அதற்குப்பின் வெண்டல் தவமிருந்தான். அந்தி சாயும்வேளை தோறும் பழைய பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, அறைத்தோழன் டுவேனை இழுத்துக்கொண்டு ஆடுகளம் சென்றான். உதைப்பவனுக்காகப் பந்தைத் தரையில் நட்டு ஒரு விரலால் பிடித்திருப்பவன் ஒருவன் வேண்டுமே, அந்த ஒருவிரல் வித்தகன்தான் டுவேன். டுவேன் பிடிப்பான், வெண்டல் உதைப்பான், பந்து எழும்பும், கம்பங்களை நோக்கி ஆர்வமாகப் புறப்படும், பாதி வழியில் ஏதோ மறந்துபோனதுபோல் இடப்பக்கம் திரும்பிப் போய்விடும். என்றும் இடப்பக்கம். உணவுக்கூடத்துக்குப் போகும் மாணவர் எல்லோரும் வேலியோரம் நின்று இதைப் பார்த்தார்கள். அப்பக்கம் நிறுத்தியிருந்த தாவரவியல் பேராசிரியரின் கார்க்கூரை நசுங்கியபின், கல்லூரி முழுவதும் ஒருவருக்கொருவர் வழி சொல்லும்போதுகூட, "வெண்டல் பக்கம் திரும்பு" என்றால் இடது என்று பொருளாயிற்று.

பருவம் நடந்தது. நடந்தது என்பதைவிட, காடைகளின்மேல் ஏறி நடந்தது என்பதே முறை. ஆண்டுதோறும் ஒரு நாள் பழைய மாணவரை எல்லாம் திரும்ப அழைத்து, அணிவகுப்பு நடத்தி, அழகி ஒருத்திக்கு முடிசூட்டி விழா எடுப்பது அந்நாட்டுக் கல்லூரிகளின் வழக்கம். விழா நாளில் தோற்றால் பழைய மாணவர் நன்கொடை தருவதில்லை. எனவே அன்றைய ஆட்டத்துக்கு, தோற்பது உறுதியான ஒரு படையைப் பார்த்துத் தேடி அழைப்பார்கள். தேடவே வேண்டாமல் கண்முன் நின்றது நார்டால். ஓநாய்கள் தங்கள் விழாவுக்கு அழைத்தனர், கரடிகள் அழைத்தனர், காட்டெருமைகள் வண்டிச்சத்தமும் தந்து அழைத்தனர். மஞ்சள் தண்ணீர் தெளித்த கிடா போல, காடைகள் பேருந்தேறி ஊர் ஊராய்ப் போய், ஊரார் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் மொய் வைத்துத் திரும்பினர். முடிசூட்டல்களைப் பார்த்துப் பார்த்து, பெஞ்சில் இருந்தபடியே எந்தப் பெண்ணுக்கு முடி கிடைக்கும் என்று டுவேன் சரியாகச் சொல்லத் தொடங்கிவிட்டான். அது ஒன்றில்தான் அப்பருவத்தில் நார்டால் வென்றது.

கழுகுகளின் விழாவில் மட்டும் ஓர் அதிசயம். பந்தோடு நின்ற கழுகுப்படைத் தலைவன், தேரில் வலம்வந்த புதுமுடி அரசி தனக்குத்தான் கையசைக்கிறாள் என எண்ணி, தானும் கையசைத்தபடியே பின்னால் நடந்து நடந்து, தன் சொந்தக் கடைக்கோட்டுக்கே வெளியே போய்விட்டான். விதிப்படி நார்டாலுக்கு இரண்டு புள்ளி! காடைகள் கட்டியணைத்து அழுதனர். வெண்டலோ தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, களத்தின் நடுவே பாய்ந்து நின்றான்.

"எங்கப்பா ஓடி வர?" என்றார் நடுவர்.

"உதைக்க."

"ரெண்டுக்கு உதை கிடையாது. ஆறுக்குத்தான். போ, போய் உக்காரு."

கரடிகளின் ஊரில் பெய்த பெருமழையிலும் விதி அவனைக் கைவிட்டது. களம் சேறாகி, படை சேறாகி, தண்ணீர் வாளி தூக்குபவன் சேறாகி, பார்க்க வந்த பாதிரியார் சேறான அந்நாளில், பெஞ்சின் இடக்கோடியில் மட்டும் தகரக்கூரை இருந்தது. பேருந்தில் ஏறும்போது வெண்டலை ஓட்டுநருக்கு அடையாளம் தெரியவில்லை. மற்றவர்களோடு வந்தவன் என்று சொன்னால் நம்ப மறுத்தார்.

இவ்வாறு எல்லாம் தோற்று, தோற்க இன்னும் ஒன்று மட்டும் மிஞ்சியது. நவம்பர் இறுதி. சொந்தக் களம். வந்திருப்போர் ஆஷ்பி கல்லூரி முள்ளம்பன்றிகள். அவர்கள் யார் என்றால், நார்டால் என்றொரு கல்லூரி இல்லாதிருந்தால் வட்டாரத்தின் கடைசி இடத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

முந்திய நாள் விழுந்த பனி உருகி, களம் கருஞ்சேற்றுக் கடலாய்க் கிடந்தது. இரு படைகளும் அதில் இறங்கின. ஐயகோ, அந்தப் போரை எவ்வாறு உரைப்போம்! பந்து வழுக்கியது, பந்தைப் பிடித்தவன் வழுக்கினான், அவனைப் பிடித்தவன் வழுக்கினான். எவன் எப்படை என்று எவனுக்கும் தெரியாமல், அவனவன் தன் தோழனையே கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி வெற்றிமுழக்கம் செய்தான். எப்படியோ ஒரு முள்ளம்பன்றி கோட்டைத் தாண்டி விழுந்து ஆறு புள்ளி ஈட்டியது. கூடுதல் ஒன்றுக்காக அவர்கள் உதைத்தபோது பந்து நின்ற இடத்திலேயே நிற்க, உதைத்தவனின் காலணி மட்டும் கம்பங்களுக்கு நட்டநடுவே கம்பீரமாகப் பறந்து சென்றது. காலணிக்குப் புள்ளி இல்லையென்று தீர்ப்பாயிற்று.

இடைவேளையில் பயிற்சியாளர் மெர்ல் ஹாஃப்ஸ்ட்ரா தொண்டையைச் செருமினார்.

"பசங்களா, நாம இப்ப ஆறு புள்ளிதான் பின்னாடி இருக்கோம். ஆறுதான்! வெற்றியை இவ்ளோ கிட்டத்துல நான் பாத்ததே இல்லடா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. போய் ஆடுங்க."

ஆடினர். பொழுது சாயத் தொடங்கியது. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. பந்து முள்ளம்பன்றிகளிடம், சும்மா பிடித்துக்கொண்டு நின்றாலே அவர்களுக்கு வெற்றி. ஆனால் சேறு நின்றவனையும் விடுமா? பிடித்திருந்தவன் கையிலிருந்து பந்து வழுக்கி, பிடிக்கப் பாய்ந்தவன் தலையில் பட்டு, தெறித்து, உருண்டு, அவர்களின் கடைக்கோட்டுக்கு அப்பால் போயிற்று. அங்கே வெகுநேரத்துக்கு முன்பே தடுக்கி விழுந்து, எழுந்திருக்கச் சோம்பிக் குப்புறக் கிடந்தான் பருத்த ஆர்லோ. பழம் நழுவிப் பாலில் விழுந்து, அதுவும் நழுவி வாயில் விழுந்தாற்போல, பந்து போய் அவன் வயிற்றுக்கடியில் புகுந்தது.

"அய்யோ, அடியில என்னமோ குத்துதுடா!" என்று அலறினான் ஆர்லோ. நடுவர் இரு கைகளையும் வானுக்கு உயர்த்தினார்.

ஆறு! ஆறுக்கு ஆறு! இன்னும் ஒரே ஒரு உதை. அது உள்ளே போனால் நார்டாலுக்கு வெற்றி.

பயிற்சியாளர் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சு முழுவதும் இடக்கோடியைப் பார்த்தது. வெண்டல், தான் பார்க்கப்படுவதை உணர்ந்து, தனக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தான்.

"உன்னைத்தான்டா!" என்றார் பயிற்சியாளர். "எந்திரி!"

எழுந்தான் ஓப்பகார்ட் குலக்கொழுந்து. ஆனால் அந்தோ, அதே வேளையில் ஸ்கோர் பலகையில் ஒரு விபரீதம் விளைந்தது. நார்டாலின் பக்கத்தில் சுழியம் ஒன்றே ஆணியடித்துக் கிடந்து பழகிய பலகை அது. எண் தகடுகளை மாற்ற ஏணிமேல் இருந்தவர் இறையியல் பேராசிரியர். மகிழ்ச்சிக் கண்ணீர் மறைக்க, சுழியத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆறைத் தலைகீழாக மாட்டினார்.

ஒன்பது.

ஒன்பதுக்கு ஆறு என்று பார்த்தது மாணவர் கூட்டம். நார்டாலில் அன்று படித்துக்கொண்டிருந்த எவனும் எவளும் தம் படை கோட்டைத் தாண்டிக் கண்டதில்லை. தாண்டினால் எத்தனை, அதற்குப்பின் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கேள்விஞானம் மட்டுமே. வென்றால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். களத்தில் பாய வேண்டும். கோல் கம்பம் எனப்படும் அந்த வெள்ளைக் கம்பச் சோடியைப் பிடுங்க வேண்டும். பிடுங்கி, ஊர்வலமாகத் தூக்கிப்போய், ஓடையில் போட வேண்டும். தடையுடைத்த வெள்ளமென அவர்கள் பாய்ந்தனர். வடக்கு விடுதி களத்தின் ஒரு முனைக் கம்பத்தில் தொற்றியது, தெற்கு விடுதி மறுமுனைக் கம்பத்தில் தொற்றியது. மரம் முனகியது, மண் விட்டது, இரண்டு கம்பக்கூட்டங்களும் தோள்களில் ஏறி, வாயில் வழியே வெளியேறி, கடைத்தெருவில் மறைந்தன.

வெண்டல் களத்தின் நடுவே போய்ச் சேர்ந்து, தலைக்கவசத்தின் வாரை இறுக்கி, நிமிர்ந்து பார்த்தான். எதிரே வானம் இருந்தது.

"கம்பம் எங்க?" என்றான்.

"தூக்கிட்டுப் போயிட்டாங்கடா," என்றான் டுவேன்.

"யாரு? அவனுங்களா?"

"நம்ம பசங்கதான்."

நடுவர் கர்ட் லாம்ப், வாரநாட்களில் பல் பிடுங்குபவர், நிலைமையைச் சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் ஒரு கோப்பை காப்பி இருந்தது. "எனக்குச் சர்ச்சுல மீன் விருந்து இருக்கு," என்று அறிவித்தார். "இந்தக் காப்பியைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிப்பேன். அதுக்குள்ள கம்பம் வந்தா உதை. வரலைன்னா ஆறுக்கு ஆறு, சமம், எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஓடினான் வெண்டல்! கடைத்தெரு வழியே ஓடினான், முடிதிருத்தகம் கடந்து ஓடினான், மாமாவின் கோழித்தீவனக் கடை வாசலில் மாமா என்னவென்று கேட்க நிற்காமல் ஓடினான். ஓடைப்பாலத்தில் ஆர்ப்பரிப்பு விண்ணைத் தொட்டது. தெற்கு விடுதியாரின் கம்பம் ஏற்கெனவே தண்ணீரில் மிதந்து தெற்கே போய்க்கொண்டிருந்தது. வடக்கு விடுதியார் தங்களுடையதைக் கைப்பிடிச் சுவரின்மேல் ஏற்றி, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தனர். வெண்டல் சுவரின்மேல் தாவியேறி, இரு கைகளையும் விரித்து, மாலைக் கதிரில் கால்சட்டை பளீரென்று மின்ன நின்று, நார்டால் நகர் உள்ளளவும் நிலைக்கத்தக்க பேருரை ஆற்றினான்:

"டேய், அது ஒன்பது இல்லடா! ஆறுடா! தலைகீழா மாட்டிட்டாருடா!"

எண்ணிக்கை இரண்டோடு நின்றது.

"அப்ப நாம ஜெயிக்கலையா?" என்றது ஒரு குரல்.

"இன்னும் இல்ல. அதைத் திருப்பிக் கொண்டாந்தீங்கன்னா நான் ஜெயிக்க வைக்கிறேன். ஒரே உதை. நாலு வருஷமா இதுக்குத்தான்டா உக்காந்திருக்கேன்!"

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. வடக்கு விடுதியார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பின் கம்பத்தைத் தோளில் ஏற்றினர். கொண்டுவந்த வேகத்தைவிட இருமடங்கு வேகத்தில் திரும்பினர்.

இங்கே களத்தில் ஏன் இன்னும் காப்பி தீரவில்லை என்று கேட்பீர்கள். நடுவரின் பக்கத்தில் லவோன் நின்றிருந்தாள். கையில் பிளாஸ்க்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா டாக்டர்?"

"போதும்மா, நாலாவது கப்பு. ராத்திரி தூக்கம் வராது."

"குளிருக்கு நல்லது. புடிங்க." வாயிலைப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள்.

வந்தது கம்பம்! ஆனால் அது நின்ற குழிகள் சேறு நிரம்பித் தூர்ந்திருந்தன. எப்படி நட்டாலும் சாய்ந்தது. எனவே வடக்கு விடுதியார், கால் ஒன்றுக்கு ஒரு கூட்டமாய்க் கட்டிப்பிடித்து, தங்கள் தோள்வலியாலேயே அதை நிமிர்த்தி நிறுத்தினர். பேருந்தில் ஏறிச் சாண்ட்விச் பிரித்திருந்த முள்ளம்பன்றிகள், மேலே கோட்டு மாட்டியபடி, முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வந்தனர். டுவேன் சேற்றில் மண்டியிட்டான். எங்கும் அமைதி. அந்த அமைதியில், கம்பத்தைத் தாங்கிய தோள்களின் நடுவே ஒரு கிசுகிசுப்பு மட்டும் எழுந்தது.

"டேய், இவன் இடப்பக்கம்தானே உதைப்பான்?"

"என்னிக்கும் அப்படித்தான்."

"அவனுக்கு இடதுன்னா நமக்கு வலது, இல்ல?"

"ஆமா. ஏன் கேக்குற?"

"பாவம்டா அவன். நாலு வருஷம்."

"... சரி. எல்லாரும் ஒண்ணா. நான் சொல்றப்ப."

இதை அறியான் நம் நாயகன். மூச்சை இழுத்தான். கோழித்தீவனம், பூந்தொட்டி, தகரக்கூரை, மடித்து நீட்டப்பட்ட திங்கள்கிழமைகள் எல்லாம் மனத்திரையில் ஓடி மறைந்தன. பந்து டுவேனின் கைக்கு வந்தது, ஒருவிரல் வித்தகன் நட்டான், வெண்டல் இரண்டடி பாய்ந்து, நிலமடந்தை நடுங்க, திசையானைகள் செவிபுடைக்க, முள்ளம்பன்றிகளின் வாயில் சாண்ட்விச் நிற்க, உதைத்தான்.

உதைத்த கணமே ஊன்றிய கால் வழுக்கியது. வானளாவ எழுந்தன இரு பாதங்களும். மல்லாந்து விழுந்தான் மாசிலாதான். விழுந்த விசையில் சேற்றுக்கடல் இருபுறமும் பிளந்து எழும்பி அவன்மேல் மூடியது.

பந்தோ எழுந்தது. பாதி வழி வந்தது. எங்கே மறந்துபோய்த் திரும்புமோ அந்த இடத்தை அடைந்தது. திரும்பவில்லை. அவன் வாழ்நாளில் முதன்முறையாக, நூல் பிடித்தாற்போல், நேராகச் சென்றது.

"இப்ப!" என்றது கிசுகிசுப்பு. அன்பே உருவான வடக்கு விடுதி, கம்பத்தோடு, மூன்றடி நகர்ந்தது.

கம்பம் இருந்த இடத்தின் நட்டநடுவே, கம்பம் இல்லாத அந்த இடத்தின் வழியே, எவரும் குறைசொல்ல முடியாத பேரழகுடன் பந்து கடந்துபோய் இருளில் விழுந்தது. நடுவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்து, இரு கைகளையும் குறுக்கே வீசினார். இல்லை.

"நேராப் போச்சுடா!" டுவேன் வெண்டலின் மார்பில் அறைந்து அறைந்து கத்தினான். "வெண்டல்! நேராப் போச்சுடா, நாயே!"

வடக்கு விடுதியார் கம்பத்தைப் பிடித்தபடியே விழித்தனர். அவர்களில் ஒருவன் அழ ஆரம்பித்தான். "உனக்காகத்தான் நகத்தினோம்டா," என்றான். "நீ எப்பவும் அந்தப் பக்கம்தானேடா உதைப்பே? இன்னிக்குன்னு பாத்து ஏன்டா நேரா உதைச்சே?"

ஆறுக்கு ஆறு, சமம். ஒரு வெற்றிகூட இல்லாமல் முடிந்தது போர்க்காடைகளின் பருவம். சேற்றில் மல்லாந்து கிடந்த வெண்டலுக்கு முதலில் துக்கமே வந்தது. பின், முதுகில், தொடையில், முழங்காலில், இடுப்புவார் வரை ஏதோ குளிர்ந்து ஊறிக்கொண்டிருப்பதை உணர்ந்தான். மெல்லக் கையை இறக்கித் தொட்டுப் பார்த்தான். பிறகு சிரித்தான்; சேறு வாய்க்குள் போனதையும் பொருட்படுத்தாமல் சிரித்தான்.

கேளீர் உலகத்தீரே! வென்றவர் இல்லை, வீழ்ந்தவரும் இல்லை என்று நடுவர் மீன் விருந்துக்குப் போனபின்பு, விளக்கணைந்த களத்தைத் தாண்டி, படிக்கட்டு நெடுகத் தன் தடம் பதித்து, நிலவறைப் பாதிக்கதவின்முன் வந்து நின்ற கறைபடு கால்சட்டையோன், வஞ்சினம் முடித்த வீரக்குரிசில், வெண்டல் ஓப்பகார்ட், அதைக் கழற்றி இரு கைகளாலும் ஏந்தி நீட்ட, அவளும் மூக்குக்கண்ணாடியை இறக்கி, வாங்கி, விளக்கொளியில் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பி, ஒருமுறை முகர்ந்து, மறுமுறையும் முகர்ந்தாள்.

மண்கறைக்கு வெந்நீர் ஆகாது என்று லவோன் அதைப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டாள்.